நாற்றங்கால் வழியே இருபதடி

அத்தியாயம் 17

நாற்றங்காலின் நடுவே நான்கு மூங்கில் குச்சிகள் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு ரிப்பன். சனிக்கிழமை மாலை யாரோ டேப் பிடித்து அளந்து நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாலையிலிருந்து உள்ளே, இருபதடி அகலம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முனிரத்தினம் அவற்றைப் பார்த்தார். பிடுங்கவில்லை. மோட்டாரைப் போட்டு, மடையைத் திறந்து, நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டார்.

இருபத்தெட்டு நாள் நாற்று. பொன்னி. செவ்வாய்க்கிழமை நடவு. அதற்கு முன் நாற்றைப் பிடுங்க வேண்டும். பிடுங்க வேண்டுமானால் மண் இளகியிருக்க வேண்டும். அவர் செய்தது அவ்வளவுதான்.

நடவு நடக்குமா என்பதுதான் அவருக்குத் தெரியாது.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது முனிரத்தினத்தின் இரண்டு ஏக்கர் போனது. சாலையோரம் பன்னிரண்டு சென்ட் களம் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை ஏக்கர் குன்றத்தூரில் இருக்கும் ராஜாமணி அம்மாளுடையது. பதினோரு வருஷமாக அதைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். எழுத்து கிடையாது. வருஷத்துக்கு எட்டு மூட்டை நெல், அறுப்பு முடிந்ததும் குன்றத்தூர் வீட்டில் இறக்கிவிட வேண்டும். களத்தில் நாற்று விடுவார், பின்னால் நடுவார்.

போன வாரம் ராஜாமணி அம்மாளின் மகன் பகலவன், அம்மாவிடம் முழுதாகச் சொல்லாமல், அந்த ஒன்றரை ஏக்கரை டிரெய்லர் லாரி நிறுத்தும் இடமாக வாடகைக்குப் பேசி ஐம்பதாயிரம் முன்பணமும் வாங்கிவிட்டான். நிலத்தை அவன் நேரில் வந்து பார்க்கவில்லை. செல்போன் மேப்பில் பார்த்தான். சாலையிலிருந்து நிலம் வரைக்கும் பழுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. பொதுப் பாதை என்று நினைத்துக்கொண்டான். அது முனிரத்தினத்தின் களம். படம் கோடையில் எடுத்தது.

லாரிக்காரர் சண்முகசுந்தரம் விசாரித்து உண்மையைத் தெரிந்துகொண்டார். நேராக முனிரத்தினத்தின் மகன் கார்முகிலைப் பிடித்தார். பாதை விட்டால் மாதம் எட்டாயிரம். கார்முகில், "அளந்து பாத்துக்குங்க, ஞாயித்துக்கெழம சொல்றேன்" என்றான்.

கார் கம்பெனி பஸ் அவனைச் சாலையில் இறக்கிவிட்டுப் போனது. நைட் ஷிப்ட் முடித்த கண்கள். வரப்பில் வந்து நின்றான்.

"இன்னாப்பா, தண்ணி விட்டுகினு கீற? மத்தியானம் அவரு வராரு."

"வரட்டும்."

"நாத்த வித்துடலாம்ப்பா. நாத்து கெடைக்காம ஊர்லயே ரெண்டு பேரு அலையறான்."

"வித்துட்டு?"

"மாசம் எட்டாயிரம். சும்மா. உரம் வாங்க வேணாம், ஆளு தேட வேணாம்."

"குச்சி நட்டவன் நாத்த மிதிச்சிகினு போயிருக்கான் பாரு," முனிரத்தினம் குனிந்து இரண்டு நாற்றை நிமிர்த்திவிட்டார். "அர கட்டு நாசம்."

"நான் இன்னா பேசறேன், நீ இன்னா பேசற?"

"நீ பேசறது கேட்டுச்சிடா. போய் தூங்கு."

கார்முகிலுக்கு விவசாயம் பிடிக்காது. அதற்கு அவன் பெரிய காரணம் எதுவும் வைத்திருக்கவில்லை. முதுகு வலிக்கும். அவ்வளவுதான்.

அவன் தூங்கவில்லை. பத்தரை மணிக்கு வீட்டின் பின்பக்கம் வந்தபோது அவன் மனைவி ஜாஸ்மின் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். சர்ச்சிலிருந்து வந்து புடவை கூட மாற்றவில்லை.

புரட்டாசி மாதம் வீட்டுக்குள் சைவம். பின்பக்கம் ஒற்றை அடுப்பில் ஜாஸ்மினுக்குத் தனிச் சமையல். நாலு வருஷமாக இதுதான் ஏற்பாடு. முதல் வருஷம் மாமியார் செல்லம்மாள் மூன்று நாள் பேசவில்லை. இப்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அடுப்பை நகர்த்தச் சொல்வதோடு சரி.

"ஏய் ஜாஸ்மினு, அடுப்ப அந்தாண்ட தள்ளு. பெருமாளு மூக்க புடிச்சிகினு கீறாரு," உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவருக்கும் ஒரு துண்டு எடுத்து வெக்கறேன் அத்த."

"வெச்சிதான் பாரேன்."

கார்முகில் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்தான்.

"நாளைக்கு லிஸ்ட் ஒட்றாங்க," என்றான்.

"இன்னா லிஸ்ட்?"

"ஆறு மாச கான்ட்ராக்ட் முடியுதுல்ல. எங்க லைன்ல நாப்பது பேரு. பாதி பேருக்குத்தான் திருப்பி போடுவாங்களாம்."

"எத்தினி நாளா தெரியும்?"

"பத்து நாளா."

ஜாஸ்மின் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "ஓவர்டைம் இல்லன்னு நீ சொன்னப்பவே நெனச்சேன். பத்து நாளா வாயில இன்னா வெச்சினு இருந்த?"

"சொன்னா நீ தூங்க மாட்ட. உனக்கு காலைல ஷிப்ட்டு." அவன் தரையைப் பார்த்தான். "அதுக்குதான் அந்த எட்டாயிரம். எனக்கு அப்பாகிட்ட சண்ட போடணும்னு ஆசையா?"

"அந்த லாரி எதுக்கு வருது?"

"கார் ஏத்திகினு போக."

"உன் லைன் எதுக்கு டல்லாச்சி?"

"கார் போகல. அதான்…" அவன் பாதியில் நிறுத்தினான்.

"கார் போகலன்னா லாரி மட்டும் எதுக்கு வரும்? வந்தாலும் எத்தினி மாசம் நிக்கும்? உன் சம்பளம் அந்த கம்பெனி கேட்ட நம்பி கீது. பின்னாடி கம்பெனி பசங்களுக்கு வுட்டுகீற ஆறு ரூம் வாடகையும் அதே கேட்டுதான். போன வருஷம் ரெண்டு மாசம் லைன் நின்னுச்சே, நாலு ரூம் காலியாச்சா இல்லியா? இந்த எட்டாயிரத்தையும் கொண்டு போய் அதே கேட்டுல கட்றியா?"

"அதுக்குன்னு?"

"எனக்கு விவசாயம் தெரியாது. நெல்லு எந்தப் பக்கம் மொளைக்கும்னு கூட தெரியாது. ஆனா அந்த ரெண்டு மாசமும் நாம அரிசி வாங்கல. அது மட்டும் தெரியும்."

கார்முகில் ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து வாயில் போட்டான். சூடு தாங்காமல் ஊதினான்.

"புரட்டாசிடா!" செல்லம்மாள் ஜன்னலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

அவள் காலையிலேயே ஒரு வேலை செய்திருந்தாள். குன்றத்தூருக்குப் போன் போட்டு ராஜாமணி அம்மாளிடம் ஒரே கேள்வி கேட்டாள். "உங்க நெலத்துல லாரி நிக்கப் போவுதாமே, அடுத்த வருஷம் அரிசிக்கு இன்னா பண்ணப் போறீங்க?" பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு சண்முகசுந்தரம் வெள்ளைக் காரில் வந்தார். தூத்துக்குடிக்காரர். ஒன்பது டிரெய்லர் ஓட்டுகிறார். வெயிலிலும் பளபளக்கும் கறுப்பு ஷூ. அவர் இறங்கிய ஐந்தாவது நிமிஷம் குன்றத்தூரிலிருந்து ஆட்டோ வந்தது. ராஜாமணி அம்மாள் முன்னால் இறங்க, பகலவன் செல்போனைப் பார்த்தபடி பின்னால் இறங்கினான்.

"வாங்கம்மா," என்றார் முனிரத்தினம்.

"உன் பொண்டாட்டி போன்ல இன்னாமோ சொன்னா. இவன கேட்டா, சும்மா பேசிகினு கீறேன்மான்றான். சரி, நேர்லயே பாக்கலாம்னு வந்தேன்."

சண்முகசுந்தரத்துக்கு அவசரம். "பொறவு பேசுங்கம்மா. தம்பி கார்முகிலு, அந்த இருபதடிய ஒருக்கா நடந்து பாத்துருவோம்."

ரிப்பன் குச்சிகளுக்கு நடுவே இறங்கினார். முதல் அடி தாங்கியது. இரண்டாவது அடியில் சதக் என்றது. மூன்றாவது அடியில் கால் கணுக்காலுக்கு மேலே போனது. இழுத்தார். கால் வந்தது. ஷூ வரவில்லை.

"ஏ, என்னது இது!" ஒற்றைக் காலில் நின்றார். "அண்ணாச்சி, இது என்ன கொளமா?"

"நாத்து புடுங்க தண்ணி விட்டுகீறேன்."

"நேத்து எங்க பயலுவ அளக்கயில கல்லு கணக்கா இருந்துச்சுன்னானுவளே."

"களி மண்ணு. காஞ்சா கல்லு. தண்ணி பட்டா இப்டிதான்."

"மழைக்கும் இப்படித்தானா?"

"மழைக்கு இன்னும் மோசம்."

சண்முகசுந்தரம் வரப்பில் ஏறி உட்கார்ந்தார். ஷூ போன குழியில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தார். தொழில்காரர் என்பதால் அவர் பார்த்தது ஷூவை இல்லை.

"லோடு வண்டி இதுல எறங்குனா கிரேன் வச்சில்லா தூக்கணும். செம்மண்ணு அடிச்சு, ஜல்லி போட்டு, ரோலர் விட்டு… பாதைக்கே ரெண்டு லெச்சம் ஆயிரும். தம்பி, எட்டாயிரம் கட்டுபடியாவாது. மூவாயிரம்னா பாப்போம்."

"சார், நேத்து எட்டுன்னீங்க."

"நேத்து ரெண்டு கால்லயும் ஷூ இருந்துச்சுல்லா."

கார்முகில் அப்பாவைப் பார்த்தான். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அந்த முகத்தில் எதுவும் இல்லை. சாலையில் கம்பெனி பஸ் ஒன்று காலியாகப் போனது.

"மூவாயிரத்துக்கு வேணாம் சார்," என்றான் கார்முகில். கொஞ்சம் நிறுத்தி, "பாதை குடுக்கறதா இல்ல," என்று முடித்தான்.

சண்முகசுந்தரத்துக்குக் கோபம் வரவில்லை. ஒன்பது வண்டிக்கு இடம் தேடுகிறவருக்குக் கோபப்பட நேரம் இருக்காது. பகலவன் பக்கம் திரும்பினார். "பாதையில்லாத எடத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கிய. சரி, தெரியாம நடந்து போச்சு. ரூவாய இன்னிக்கே குடுத்துருங்க. நாளைக்கி வேற எடத்துக்கு நான் குடுக்கணும்."

"ஒரு மாசம் டைம் குடுங்க சார்."

"மாசமா?"

"கார் டியூவுக்கு போயிடுச்சி."

ராஜாமணி அம்மாள் மகனை மேலும் கீழும் பார்த்தாள். "பேசிகினு கீறேன்னு சொன்ன. அம்பதாயிரம் வாங்கி துன்னுட்டு வேற வந்துகீறியா? காரு எங்கடா? ஆட்டோல கூட்டினு வந்த?"

"சர்வீஸ்ல கீதும்மா."

"நல்லா கீது."

மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஜாஸ்மினின் பீரோவில் ஐம்பத்தைந்தாயிரம் இருந்தது. சீட்டு எடுத்த பணம். ஸ்கூட்டருக்காக. அவளுடைய கம்பெனி பஸ் காலை நாலே முக்காலுக்கு வருகிறது. ஊரெல்லாம் சுற்றிப் போகும். ஸ்கூட்டர் இருந்தால் ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பதினெட்டு மாதம் சீட்டு கட்டியிருந்தாள்.

"நான் தரேன்," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். கார்முகில், "ஏய்" என்றான்.

"சும்மா இல்ல. மூணு வருஷத்துக்கு குத்தகை எங்களுக்குன்னு எழுதிக் குடுக்கணும். அம்பதாயிரம் உங்ககிட்ட நிக்கட்டும். மூணு வருஷம் முடிஞ்சதும் திருப்பிக் குடுங்க. வட்டி வேணாம். வட்டிக்கு பதிலா எட்டு மூட்டைய நாலாக்கணும்."

"எழுதியா?" பகலவன் முதல் முறையாகச் செல்போனைப் பைக்குள் போட்டான். "எழுதிக் குடுத்தா நெலத்தயே விட மாட்டாங்கம்மா. அப்பா எப்பவும் சொல்வாரு."

"மூணாவது வருஷ அறுப்போட விட்டுடறோம்னு அதையும் சேத்து எழுதுங்க. எங்களுக்கும்தான் பயம். கொள்முதல்ல நெல்லு போட உங்க கையெழுத்து வேணும்னு மாமா வருஷா வருஷம் ரெண்டு பஸ் மாறி வராரு. நீங்க வூட்ல குந்திகினு மேப்ப பாத்து யாருக்கோ நெலத்த குடுத்துடறீங்க. நாங்க நாத்து விட்டுட்டு முழிக்கறோம்."

சண்முகசுந்தரம் வாய்க்குள் சிரித்தார்.

ராஜாமணி அம்மாள் மகனைத் தாண்டி ஜாஸ்மினிடம் வந்தாள். "நாலு மூட்டையெல்லாம் ஆகாது. எங்க வூட்ல அஞ்சு பேரு துன்றோம். கடையில பொன்னி அரிசி கிலோ அறுபது ரூபா. ஏழு."

"ஏழுக்கு எதுக்குங்க அம்பதாயிரம்? அஞ்சு."

"ஆறு. அதுக்கு கீழ எறங்க மாட்டேன்."

"அஞ்சர."

"அரை மூட்டைய வண்டியில போட்டுனு வருவியா? சிரிப்பாங்க."

முனிரத்தினம் தொண்டையைச் செருமினார். "ஆறே குடுத்துடலாம் ஜாஸ்மினு. ஆனா மோட்டாரு ரிப்பேரானா அவங்க செலவு. கிணறும் மோட்டாரும் அவங்களுது."

"இத்தினி வருஷமா யாரு பாத்துகினு இருந்தா?" என்றாள் ராஜாமணி அம்மாள்.

"நான்தான். நாலு வாட்டி காயில் கட்டிட்டேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லல, நானும் கேக்கல."

அவள் கிணற்றுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "சரி. ஆறு மூட்டை. மோட்டாரு என்னுது."

வாடகை அக்ரிமென்ட்டுக்காக வாங்கி வைத்த இருபது ரூபாய்ப் பத்திரம் ஒன்று வீட்டில் மிச்சம் இருந்தது. பின்பக்க ரூம்களில் ஒன்று காலியாகி ஒரு மாதமாகிறது. அதற்கு ஆள் வரவில்லை. செல்லம்மாள் அதை எடுத்து வந்தாள். ஜாஸ்மின் பணத்தை எடுத்து வந்தாள். சண்முகசுந்தரம் தன் காரின் முன்மூடியைக் காட்டி, "இதுல வச்சு எழுதுங்க" என்றார்.

பகலவன் எழுதினான். கையெழுத்து அழகாக இருந்தது. அவனிடம் உருப்படியாக ஏதோ இருக்கிறது என்று முனிரத்தினம் அன்றுதான் பார்த்தார்.

"குத்தகைதாரர் பேரு?"

முனிரத்தினம் வாயைத் திறந்தார்.

"பணம் யாரு குடுக்கறா?" என்றாள் ராஜாமணி அம்மாள். "அவ பேர எழுது. நாளைக்கு பாக்கி கேட்டு வரப்போறது அவதான்."

பேனா காத்திருந்தது. ஜாஸ்மின் மாமனாரைப் பார்த்தாள். "மாமா பேரே எழுதுங்க. வேல செய்றது அவருதான?"

முனிரத்தினம் பன்னிரண்டு சென்ட் நாற்றையும், அதற்கு அப்பால் உழுது கிடந்த நிலத்தையும் பார்த்தார்.

"உன் பேரே இருக்கட்டும்மா," என்றார். "பதினோரு வருஷமா என் பேரு எங்கயும் இல்ல. பயிரு வெளஞ்சிதானே இருந்துச்சி? வூட்ல ஒருத்தர் பேராவது இருக்கட்டும்."

ராஜாமணி அம்மாள் கையெழுத்துப் போட்டாள். ஜாஸ்மின் போட்டாள். கார்முகில் ஒரு சாட்சி, சண்முகசுந்தரம் இன்னொரு சாட்சி. ஐம்பதாயிரம் ஜாஸ்மின் கையிலிருந்து ராஜாமணி அம்மாள் கைக்கும், அங்கிருந்து சண்முகசுந்தரத்தின் பைக்கும் ஒரே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் முனிரத்தினம் சேற்றுக்குள் கை விட்டு ஷூவை எடுத்துவிட்டார். மோட்டார்த் தண்ணீரில் கழுவி நீட்டினார்.

"நல்ல பொன்னியா அண்ணாச்சி?" ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தபடி கேட்டார் சண்முகசுந்தரம்.

"தையில வாங்க. பாருங்க."

"ஒரு மூட்ட எடுத்து வையுங்க. ரூவா குடுத்துதான் வாங்குவேன். பாதைக்கின்னு நெனச்சிராதிய."

கார் போனது. ஆட்டோவும் போனது. ஆட்டோவுக்குள் ராஜாமணி அம்மாள் மகனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். சாலை வளைவு வரைக்கும் அவள் கை ஆடுவது தெரிந்தது.

முனிரத்தினம் முதல் குச்சியின் பக்கத்தில் போய் நின்றார்.

"குத்தகைதாரம்மா! உங்க நாத்துல யாரோ குச்சி நட்டுகீறாங்க. புடுங்கட்டுமா?"

"ம்… புடுங்கு புடுங்கு," என்றாள் ஜாஸ்மின், ராஜாமணி அம்மாளின் குரலில்.

செல்லம்மாள் சிரித்துச் சிரித்து இருமினாள். முனிரத்தினம் நான்கு குச்சிகளையும் பிடுங்கி, ரிப்பனை அவிழ்த்து எறிந்துவிட்டு, அவரைக் கொடிப் பந்தலுக்கு ஆகும் என்று தோளில் போட்டுக்கொண்டார்.

கார்முகில் வரப்பில் உட்கார்ந்திருந்தான். ஜாஸ்மின் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டான். "ஸ்கூட்டரு?"

"அஞ்சாயிரம் மீதி கீது. டயரு வாங்கலாம்."

"நான் சீரியஸா கேக்கறேன். நாளைக்கு லிஸ்ட்ல என் பேரு இல்லன்னா?"

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, செவ்வாக்கெழம நடவுக்கு எத்தினி ஆளு?"

"பத்து கேட்டேன். ஒம்போதுதான் வராங்களாம்."

ஜாஸ்மின் கார்முகிலைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"முதுகு வலிக்கும்," என்றான்.

"லைன்ல எட்டு மணி நேரம் நின்னா மட்டும் வலிக்காதா?"

அவன் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தான். சுலபமாக வந்தது. மண் நன்றாக இளகியிருந்தது.

காலை நாலே முக்காலுக்கு அவளுடைய பஸ். எட்டு மணிக்கு லிஸ்ட்.